கோலாலம்பூரில் முடி வெட்டவும் சவரத்துக்கும் எங்கே, எப்படிப் போவது: புதிதாக வந்தவர்களுக்கு

வேலைக்கோ படிப்புக்கோ கோலாலம்பூருக்குப் புதிதாக வருகிறவர்கள் வாடகை வீடு, சிம் கார்டு, வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றையும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்கிறார்கள். முடி வெட்ட எங்கே போவது, சவரத்துக்கு எந்தக் கடையை நம்புவது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. வந்த புதிதில் ஒரு கடையில் சவரம் செய்துகொண்டதில் எனக்குத் தாடை முழுக்கச் சீழ்க் கொப்புளங்கள் வந்தன. சவரக் கூலியைப் போலப் பல மடங்கு கிளினிக்குக்குப் போனது. வேறொரு கடையில், கேட்காத மசாஜுக்கும் பூசச் சொல்லாத கிரீமுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். அப்புறம் மெல்ல மெல்ல நல்ல கடைகள் தெரிய வந்தன. இன்று மாதந்தோறும் ஆசையோடு போய் உட்காரும் நாற்காலி ஒன்று இருக்கிறது. நீங்கள் அலையாமல் அப்படி ஒரு நாற்காலியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது பழைய பாணிக் கடைகளைப் பற்றி. மூன்று நான்கு சுழல் நாற்காலி, எதிரும் புதிருமாகக் கண்ணாடி, சுவரில் சாமிப் படம், மூலையில் டிவி, கத்தியால் சவரம். செயலியில் நேரம் பதிவு செய்துகொண்டு போகும் ஏசி கடைகளுக்கு வழிகாட்டி தேவையில்லை. அங்கே கூலி பெரும்பாலும் இரண்டு மடங்கு இருக்கும், எல்லாம் முன்கூட்டியே எழுதிப் போட்டிருப்பார்கள். இன்னொன்று, இங்கே தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

1. எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்யுங்கள்

ரயிலில் போகிறவர்களுக்கு மூன்று இடங்கள் வசதி. முதலாவது பிரிக்பீல்ட்ஸ். கேஎல் சென்ட்ரலில் இறங்கி, என்யூ சென்ட்ரல் பேரங்காடி வழியாக வெளியே வந்தால் ஜாலான் துன் சம்பந்தன். பெருந்தெருவில் இருக்கும் கடைகளில் சுற்றுலாப் பயணிகளும் வருவார்கள், அதனால் கூலி கொஞ்சம் கூட. பக்கத்துச் சந்துகளில் நடந்தால் அதே வேலைக்குச் சில வெள்ளி குறையும்.

இரண்டாவது, மஸ்ஜிட் ஜாமெக் எல்ஆர்டி நிலையத்தை ஒட்டிய மஸ்ஜிட் இந்தியா, லெபோ அம்பாங் வட்டாரம். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடைகளும் இங்கே உண்டு. மதிய உணவு நேரத்தில் அலுவலகக்காரர்கள் வந்து நிறைந்துவிடுவார்கள்.

மூன்றாவது செந்தூல். ரயில்வே பணிமனையை ஒட்டி வளர்ந்த பழைய தமிழர் வட்டாரம். குடும்பமாக, தலைமுறையாக வருகிறவர்கள்தான் இங்கே வாடிக்கையாளர்கள். அதனால் அவசரம் காட்ட மாட்டார்கள், வேலையும் பொறுமையாக நடக்கும். முதல் தடவை போகிறவருக்கு நான் செந்தூலைத்தான் சொல்வேன். கிள்ளான் பக்கம் குடியிருப்பவர்கள் இதற்காகத் தலைநகருக்கு வர வேண்டியதில்லை. அங்குள்ள லிட்டில் இந்தியாவிலேயே நல்ல கடைகள் இருக்கின்றன.

பெயர்ப் பலகையில் மலாயில் 'கெடாய் குந்திங் ரம்புட்' என்று பெரிதாக இருக்கும். தமிழ் எழுத்து சிறிதாகவோ இல்லாமலோ இருக்கலாம். இந்தியக் கடை என்று நினைத்து உள்ளே போனால் கத்தி பிடிப்பவர் பாகிஸ்தான்காரராகவோ வங்காளதேசத்துக்காரராகவோ இருப்பதும் உண்டு. அவர்களிலும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முதல்முறை போகும்போது, சொல்வதைத் தமிழில் சொல்ல முடிகிற கடையாக இருந்தால் பாதித் தொல்லை குறையும். வாசலில் நின்று காது கொடுங்கள். உள்ளே மின்னல் எஃப்எம், ராகா போன்ற தமிழ் வானொலி ஓடிக்கொண்டிருந்தால் தயங்காமல் நுழையலாம்.

2. நாளையும் நேரத்தையும் பார்த்துப் போங்கள்

கடைகள் பெரும்பாலும் காலை பத்து மணிவாக்கில்தான் திறக்கும், இரவு எட்டு ஒன்பது வரை இருக்கும். ஊர்ப் பழக்கத்தில் காலை ஏழு மணிக்குப் போய் நிற்காதீர்கள்.

வார நாட்களில் முற்பகல் பதினொரு மணியையொட்டியும், பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்துக்குள்ளும் கூட்டம் இருக்காது. முடி வெட்ட அரை மணி நேரம், சவரத்துக்கு இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காத்திருப்பையும் சேர்த்தால் வார நாளில் ஒன்றரை மணி நேரம் கையில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் அரை நாள் போய்விடும். சம்பளம் வந்த வாரக் கடைசி, பள்ளி திறப்பதற்கு முந்திய ஞாயிறு, இவற்றையும் தவிர்த்துவிடுங்கள். இங்கே பள்ளிப் பையன்களுக்கு முடி ஒட்ட வெட்டியிருக்க வேண்டும் என்பதால், அந்த ஞாயிறு கடைக்குள் நிற்கவே இடம் இருக்காது.

செவ்வாய்க்கிழமை முடி வெட்டக் கூடாது என்ற நம்பிக்கை இங்கேயும் கப்பலேறி வந்திருக்கிறது. சில கடைகள் அன்று மூடியிருக்கும். திறந்திருக்கும் கடைகளில் ஆளே இருக்காது. உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லையென்றால் செவ்வாய்தான் மிக நல்ல நாள். முடிவெட்டுபவர் நிதானமாகச் செய்வார். போகும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொண்டால் போதும். வெள்ளிக்கிழமை தொழுகைக்காக முஸ்லிம் கடைகள் பன்னிரண்டரை முதல் இரண்டரை, மூன்று மணி வரை மூடியிருக்கும். மஸ்ஜிட் இந்தியாப் பக்கம் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே வேலையை முடித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் வரிசை தெருவுக்கு வந்துவிடும், கைகளும் அவசரத்தில் ஓடும். பண்டிகை முடிந்த மறுநாள் போகலாம் என்று நினைத்தால், பல கடைகள் சில நாட்கள் திறக்கவே திறக்காது.

நேர்முகத் தேர்வுக்கோ விசா புகைப்படத்துக்கோ போகிறவர்கள் அன்று காலையில் போய்க் கத்திச் சவரம் செய்துகொள்ள வேண்டாம். அறிமுகமில்லாத கை, அறிமுகமில்லாத கத்தி. தோல் சிவந்தால் ஆற நேரம் வேண்டும். இரண்டு நாள் முன்பே போய்விடுங்கள்.

டோக்கன் கிடையாது, வரிசையை எல்லோரும் நினைவில்தான் வைத்திருப்பார்கள். நுழைந்ததும், "அண்ணே, எனக்கு முன்னால எத்தனை பேர்?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். கேட்காமல் ஓரமாக உட்கார்ந்தால், யாருக்கோ துணையாக வந்தவர் என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

நான்கு நாற்காலி இருக்கும் கடையில் ஒருவரோ இருவரோதான் வேலை செய்வதைப் பார்ப்பீர்கள். இங்குள்ள இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வருவது குறைவு, கடைகள் தமிழ்நாட்டிலிருந்து வரும் ஆட்களை நம்பித்தான் ஓடுகின்றன. முடிதிருத்தும் கடை, ஜவுளிக்கடை, நகைப் பட்டறை இந்த மூன்றுக்கும் வெளிநாட்டு ஆட்களை எடுப்பதை அரசாங்கம் 2009-இல் நிறுத்தி வைத்தது. 2023-இல்தான் மூன்று துறைக்கும் சேர்த்து 7,500 பேருக்கு மீண்டும் அனுமதி தந்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ கடைகளில் நாற்காலிகள் காலியாகின. ஆள் இல்லாமல் வேலை செய்கிறவரிடம் "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று நச்சரிக்காதீர்கள்.

3. கையில் என்ன இருக்க வேண்டும்

பாஸ்போர்ட். முடி வெட்டப் போக எதற்கு என்று கேட்பீர்கள். பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜிட் இந்தியா போன்ற இடங்களில் குடிநுழைவுத் துறையினர் அவ்வப்போது சோதனைக்கு வருவார்கள். கடைக்குள் இருக்கும் வாடிக்கையாளர்களிடமும் பத்திரம் கேட்பது உண்டு. வேலை பெர்மிட், மாணவர் பாஸ் எதுவாக இருந்தாலும் அசல் கையில் இருக்கட்டும். கம்பெனி அடையாள அட்டை இதற்குச் செல்லாது. போனில் இருக்கும் படத்தைக் காட்டினால் ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பிப் போக வேண்டாம். பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்திருந்தால் அந்த ரசீதை எடுத்துச் செல்லுங்கள். பையைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கண் மூடிச் சாயாமல், பத்திரத்தை ஜிப் வைத்த சிறு பையில் போட்டு மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பணம். ஐம்பது வெள்ளியை ஐந்தும் பத்துமாக மாற்றி எடுத்துப் போங்கள். போனில் பணம் செலுத்துவதற்கான டூயிட்நவ் கியூஆர் அட்டை பல கடைகளில் ஒட்டியிருக்கும், டச் என் கோ மின்பணப்பையும் வாங்குவார்கள். ஆனால் ஊரிலிருந்து கொண்டு வந்த வங்கி அட்டையைத் தேய்க்கும் இயந்திரம் அநேகமாக இருக்காது.

சொந்த பிளேடு. இதை அழுத்திச் சொல்கிறேன். மருந்துக்கடையிலோ மளிகைக்கடையிலோ இருபக்கமும் கூராக இருக்கும் பிளேடு பாக்கெட் சில வெள்ளிக்குக் கிடைக்கும். கடைகளில் அதைத்தான் இரண்டாக உடைத்து, பாதியைக் கத்திப் பிடியில் செருகுகிறார்கள். எனவே உங்கள் பிளேடு அங்கே பொருந்தும். கூடவே ஒரு சின்னத் துண்டு. கொடுத்தால் கோபித்துக்கொள்வாரோ என்று நானும் முதலில் நினைத்தேன். "எனக்குத் தோல் கொஞ்சம் பிரச்சினைண்ணே, இதைப் போட்டுக்குங்க" என்று சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

வேண்டிய வெட்டின் படம் ஒன்று போனில் இருக்கட்டும். முன்பக்கப் படம் மட்டும் போதாது. பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் எடுத்த படம்தான் அவர்களுக்கு உதவும்.

4. நாற்காலியில் உட்காரும் முன் பாருங்கள்

சுவரில் மாநகர் மன்றத்தின் வணிக உரிமம் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கோலாலம்பூரில் அதைத் தருவது டிபிகேஎல். விலைப் பலகை இருக்கிறதா என்றும் பாருங்கள். பலகை இல்லாத கடையில்தான் கணக்கு வாயால் வளரும்.

அப்புறம், உங்களுக்கு முன்னால் சவரம் நடக்கிற நாற்காலியைக் கவனியுங்கள். பிளேடை உறையிலிருந்து பிரிக்கிறாரா, முன்பே செருகியிருந்ததை எடுக்கிறாரா? ஒருவர் எழுந்ததும் பழைய பிளேடைக் கழற்றி டப்பாவில் போடுகிறாரா? நுரை போட ஒரே பிரஷ்ஷும் ஒரே சோப்புக் கிண்ணமும் எல்லா முகத்துக்கும் போகிறதா, குழாயிலிருந்து பிதுக்கிய கிரீமா? துண்டு காய்ந்ததா, ஈரத்தோடு முந்தைய ஆளின் தோளிலிருந்து வருகிறதா? ஐந்து நிமிடம் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். பிளேடு மாற்றாத கடையில், எவ்வளவு நல்ல பேச்சாக இருந்தாலும், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சவரம் வேண்டாம். முடி மட்டும் வெட்டிக்கொண்டு வாருங்கள், அதிலும் பின் கழுத்தில் கத்தி வைக்கும்போது புது பிளேடு கேளுங்கள்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில், குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் போதும். ஹெபடைட்டிஸ் சி, எச்ஐவி பற்றியும் பயம் உண்டு, ஆனால் சவரக் கத்தி விஷயத்தில் ஹெபடைட்டிஸ் பி-தான் எளிதில் தொற்றக்கூடியது. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. போட்டுக்கொள்ளாதவர்கள் கிளினிக்கில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். படிகாரக் கல்லும் இப்படித்தான். வெட்டுப்பட்ட இடத்தில் தேய்த்த ஒரே கல் அடுத்த ஆளின் முகத்துக்கும் போனால் பிளேடு மாற்றியும் பயனில்லை. பொதுக் கல்லைத் தேய்க்க வந்தால் வேண்டாம் என்று சொல்லி, சுத்தமான டிஷ்யூவை எடுத்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், நின்றுவிடும்.

5. என்ன வேண்டும் என்பதைப் பேசுங்கள்

மரியாதையோடு தொடங்குங்கள். வயதில் மூத்தவர் என்றால் அண்ணே, இங்கே பிறந்த பெரியவர் என்றால் அங்கிள், சின்னவர் என்றால் தம்பி. இந்தத் தொழில் செய்கிறவர்களை ஊரில் சாதிப் பெயரால் அழைத்துப் பழகியவர்கள் யாராவது இருந்தால், அந்த வார்த்தை இங்கே வாயில் வரவே கூடாது. உங்கள் தொண்டைக்கு அருகில் கத்தி பிடித்து, கீறல் இல்லாமல் அனுப்பி வைக்கிற கைத்திறன் அது. அதற்குரிய மரியாதையைக் கொடுங்கள். அவருடைய பெர்மிட், சம்பளம், முதலாளி பற்றி முதல் சந்திப்பில் விசாரிக்க வேண்டாம். அனுமதியில்லாமல் கடைக்குள் படம், வீடியோ எடுக்கவும் வேண்டாம். சோதனைக்குப் பயந்து வாழ்கிறவர்களை அது கலவரப்படுத்தும்.

"சின்னதா வெட்டுங்க", "லைட்டா எடுங்க" என்று சொன்னால் ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு அளவு வரும். மெஷின் நம்பரைச் சொல்லுங்கள். நம்பர் 1 என்றால் தலையில் மிஞ்சும் முடி 3 மில்லிமீட்டர், 2 என்றால் 6, 3 என்றால் ஏறக்குறைய 10, 4 என்றால் 13. அலுவலகத்துக்கு ஏற்ற வெட்டு வேண்டுமென்றால் பக்கமும் பின்னும் 3, மேலே கத்தரி என்று தொடங்குங்கள். கம்மியாக எடுத்துவிட்டுக் கண்ணாடியில் காட்டச் சொல்லி, அப்புறம் இன்னும் எடுக்கச் சொல்லலாம். கிருதா காதின் எந்த இடம் வரை வர வேண்டும் என்பதை விரலால் தொட்டுக் காட்டுங்கள். பின் கழுத்து வளைவாகவா நேராகவா என்று கேட்பார், அதையும் முன்பே யோசித்து வையுங்கள். மீசையைப் பற்றி வாய் திறந்து சொல்லாவிட்டால் அவருக்குத் தோன்றியபடி ஒதுக்கிவிடுவார். "மீசையில கை வைக்க வேண்டாம்ணே" என்றால் வைக்க மாட்டார்.

தமிழ் தெரியாதவர் வாய்த்தால் மலாயில் சில வார்த்தைகள் போதும்: குட்டையாக என்பதற்கு பெண்டெக், கொஞ்சம் என்பதற்கு சிக்கிட், வேண்டாம் என்று தடுக்க ஜாஙான், புது பிளேடு என்பதற்கு பிசாவ் பாரு.

6. சவரம்

வெட்டும் சவரமும் சேர்த்துச் செய்துகொள்வதானால் வெட்டு முதலில். சவரம் முடிந்த முகத்தில் வெட்டிய முடித்தூள் விழுந்தால் அரிக்கும்.

மூன்று நான்கு நாள் தாடியோடு போங்கள். நேற்றுச் சவரம் செய்த முகத்தில் இன்று கத்தி வைத்தால் எரிச்சல்தான் மிச்சம். முகத்தில் பருவோ புண்ணோ இருந்தால் அன்று வேண்டாம். பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தோல் மெலிந்திருக்கும், கத்திச் சவரமே கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். டிரிம்மர் போடச் சொன்னால் இன்னும் நல்லது.

நாற்காலி சாய்ந்ததும் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "அண்ணே, பிளேடை என் கண் முன்னால பிரிங்க." கடுமையாக வேண்டாம், சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் நீங்கள் கேட்கும் முன்பே உறையைக் கிழித்துக் காட்டுவார். நான் வாடிக்கையாகப் போகும் கடையில் பழைய பாதியை டப்பாவில் போடும் சத்தம் கேட்ட பிறகுதான் புதியதை எடுப்பார்.

பிறகு தண்ணீர் தெளித்துத் தாடியை ஊற வைப்பார். இதில் அவசரப்பட்டால் சவரம் கெட்டுவிடும். வெந்நீர்த் துண்டு வைக்கும் கடை கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் நீங்களே கடைக்குப் போகும் முன் வெந்நீரில் குளித்துவிட்டுப் போங்கள். நுரையைப் பூசி இரண்டு மூன்று நிமிடம் விட்டால் முடி இளகி, கத்தி இழுக்காமல் போகும்.

முதல் சுற்று முடி வளரும் திசையில் போகும். அதற்குப் பிறகு மறுபடி நுரை போட்டு, எதிர்த்திசையில் ஒரு சுற்று. அந்த இரண்டாவது சுற்றில்தான் கன்னம் வழவழப்பாகும். தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. சுருட்டை முடிக்காரர்களுக்கு, எதிர்த்திசையில் ஒட்ட வெட்டிய முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளரும், கழுத்தில் கரும்புள்ளியும் கொப்புளமுமாகக் கிளம்பும். அப்படி வருகிறவர்கள், "ஒரு சுத்து போதும், எதிர்ப்பக்கம் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். கழுத்துக்கு மட்டுமாவது சொல்லுங்கள். இந்த வெயிலிலும் புழுக்கத்திலும் சட்டைக் காலர் உரசிக்கொண்டே இருக்கும் இடம் அது.

கத்தி முகத்தில் இருக்கும்போது பேசாதீர்கள், தலையாட்டாதீர்கள், போன் அடித்தாலும் எடுக்காதீர்கள். நிறுத்த வேண்டுமென்றால் கையைத் தூக்குங்கள்.

7. கழுத்தைச் சொடுக்க விடாதீர்கள்

வெட்டு முடிந்ததும் தலையில் இரண்டு தட்டு, தோளில் ஒரு பிடி. அது சுகம், அதில் தவறில்லை. அடுத்து, தாடையையும் உச்சந்தலையையும் பிடித்துச் சட்டென்று ஒரு திருப்பு, 'டக்' என்று சத்தம். ஊரிலும் இங்கும் இது பழக்கமாகிவிட்டது. வேண்டாம். கழுத்தெலும்பை ஒட்டி மூளைக்குப் போகும் இரத்தக் குழாயின் உள்சுவர் இந்தத் திருப்பலில் கிழியக்கூடும், அதனால் பக்கவாதம் வரும். அபூர்வம்தான். ஆனால் இளைஞர்களுக்கும் நடந்திருக்கிறது. முகத்தில் கத்தி வைக்கும் முன்பே, "தலை மசாஜ் சரி, கழுத்தைத் திருப்ப வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். பழக்கத்தில் கை தானாகப் போகும், எனவே மசாஜ் தொடங்கும்போது மறுபடி சொல்லுங்கள்.

எப்போதாவது திருப்பிவிட்டார்கள், அதற்குப் பிறகு கழுத்தின் பின்புறமோ தலையிலோ புதிதாக வலி, தலைச்சுற்றல், பார்வை இரட்டையாகத் தெரிவது, நாக்குக் குழறல், நடை தள்ளாட்டம், இவற்றில் எது வந்தாலும் வீட்டுக்குப் போய்ப் படுக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள்.

8. கேட்காமல் வரும் சேவைகள்

"முகம் டல்லா இருக்கே, ஒரு ஃபேஷியல் போட்டுரலாமா?" என்று கேட்டால் அதற்குத் தனிக் காசு என்று பொருள். "எவ்வளவுண்ணே?" என்று உடனே கேளுங்கள். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். எனக்குக் கணக்கு வளர்ந்தது இப்படித்தான்.

டை அடித்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் முதல் நாளே உட்காராதீர்கள். கறுப்புச் சாயங்களில் பிபிடி என்ற ரசாயனம் இருக்கும். கறுப்பு ஹென்னா என்று விற்கும் பொடிகளிலும் பெரும்பாலும் அது உண்டு. ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கண் மூடிப்போகும் அளவுக்கு முகம் வீங்கும். எந்தச் சாயம் என்று பெயரைக் கேட்டு, அதே பாக்கெட்டை வாங்கி, முழங்கை மடிப்பில் ஒரு துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் அந்தப் பாக்கெட்டையே கடைக்கு எடுத்துப் போய் அடிக்கச் சொல்லுங்கள்.

9. கூலி

எனக்குத் தெரிந்த கடைகளில் இப்போது முடி வெட்ட 15 முதல் 25 வெள்ளி, சவரம் 10 முதல் 15, தாடி ஒதுக்க அதே அளவு, தலை மசாஜ் 10 முதல் 20. டை 30-க்கு மேல். வெட்டும் சவரமும் சேர்த்தால் ஒன்றிரண்டு வெள்ளி குறைப்பார்கள். பண்டிகை நாட்களில் சில கடைகள் கொஞ்சம் கூட்டி வாங்கும். பேரம் பேசும் பழக்கம் இங்கே இல்லை, பேசவும் வேண்டாம். உட்காரும் முன் மொத்தத்தைக் கேட்டுக்கொண்டால் எழும்போது மனத்தாங்கல் வராது: "வெட்டு, ஷேவிங் ரெண்டும், மொத்தம் எவ்வளவுண்ணே?"

சேவை வரி என்று யாராவது கூடுதலாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. 2025 ஜூலையில் சேவை வரியைப் பல துறைகளுக்கு விரித்தபோது முடிதிருத்தும் கடைகளை அதில் சேர்க்கவில்லை. ரசீது கேட்டால் பல கடைகளில் இருக்காது. கணக்குக்குத் தேவைப்பட்டால் கியூஆரில் செலுத்துங்கள், பதிவு இருக்கும்.

டிப்ஸ் கட்டாயமில்லை. வேலை பிடித்திருந்தால் இரண்டு மூன்று வெள்ளி, கல்லாவில் வேண்டாம், வெட்டியவர் கையிலேயே கொடுங்கள். வீட்டை விட்டு வந்து, காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே இருக்கும் மனிதர். அந்தச் சிறு தொகை அவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

குளித்துவிட்டு, முகத்தைத் தண்ணீரில் கழுவி ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். அன்று முழுவதும் வாசனைத் திரவம் முகத்தில் வேண்டாம். வெயிலில் அலையும் வேலையையும் தள்ளிப் போடுங்கள்.

மறுநாள் லேசாகச் சிவந்து இருப்பது சகஜம். மூன்றாம் நாளும் கொப்புளம், சீழ், வலி இருந்தால் கிளினிக்குக்குப் போங்கள். கம்பெனி ஏற்பாடு செய்து வைத்திருக்கும் பேனல் கிளினிக் இருந்தால் அங்கே முதலில் கேளுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி, வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம். வட்டமாக, ஓரம் தடித்து, செதில் உதிர்ந்து அரித்தால் அது படர்தாமரை. இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வரும் அரிப்புக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். தடவியதும் அரிப்பு அடங்கும், ஆறிவிட்டது என்று தோன்றும், உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே போகும். பிறகு மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும். அதைத் தொடாமல் நேராக மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறும் வரை எந்தக் கடைக்கும் சவரத்துக்குப் போகாதீர்கள், அடுத்தவருக்கும் ஒட்டும்.

பிளேடு மாற்றாத கடையைப் பற்றி டிபிகேஎல்லிடம் புகார் கொடுக்கலாம். கடையின் பெயர், முகவரி, நாள், நேரம், என்ன பார்த்தீர்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஆனால் முதலில் கடை முதலாளியிடம் நேரில் சொல்லிப் பாருங்கள். சொன்னதும் திருத்திக்கொண்ட கடை எனக்குத் தெரியும்.

11. மொட்டை போடுவதென்றால்

பத்துமலைக்கு வேண்டுதல் இருந்தால் கடையில் மொட்டை போட்டுக்கொண்டு போக வேண்டியதில்லை, முடி காணிக்கைக்குக் கோயில் அலுவலகத்திலேயே விசாரியுங்கள். கேஎல் சென்ட்ரலிலிருந்து கேடிஎம் கொமுட்டர் ரயில் நேராகப் பத்துமலைக்குப் போகும். தைப்பூச நாட்களில் கூட்டம் கடல் போல இருக்கும், குழந்தைக்கு முதல் மொட்டை என்றால் வேறொரு வார நாளில் காலையில் போங்கள். அங்கேயும் புது பிளேடு விதி மாறாது. ஒரு பாக்கெட் பிளேடும் சந்தனமும் கையில் கொண்டு போங்கள்.

12. நல்ல கை கிடைத்துவிட்டால்

அவர் பெயரையும் விடுமுறை நாளையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அவர் நாற்காலிக்காகக் காத்திருப்பதாகக் கடையில் சொன்னால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். முடி வளரும் வேகத்தைப் பொறுத்து மூன்று வாரமோ நான்கு வாரமோ, ஒரே இடைவெளியில் போனால் அவருக்கு உங்கள் தலையின் சுழியும் தாடியின் திசையும் மனப்பாடமாகிவிடும்.

ஊரிலிருந்து வந்தவர் என்றால் பெர்மிட் முடிந்து ஒரு நாள் கிளம்பிவிடுவார், சில சமயம் முன்னறிவிப்பே இருக்காது. அதனால் நன்றாக வெட்டிவிட்ட ஒரு நாளில் முன், பின், பக்கம் மூன்றையும் போனில் படமெடுத்து, மெஷின் நம்பர் என்ன, கழுத்து வளைவா நேரா, சவரம் எத்தனை சுற்று என்பதை அதன் கீழே எழுதி வைத்துவிடுங்கள். அடுத்து வருகிறவரிடம் அதைக் காட்டினால் போதும்.